கதவோரம் நிற்கும் அக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா காவலில் சுகமா? முட்டிவலி குறைந்ததா?

ஸ்ரீரங்கத்தில் நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டில் எல்லாம் நலம். ஆனால் மாலையில் நான் ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் வீட்டுக்கார ஆனந்தவள்ளி அக்கா கதவோரம் வந்து நின்றார். என்னை அனுப்பிவிடக் காரணம் தேடுகிறார் என்று சந்தேகப்பட்டு, மனதுக்குள்ளேயே சொல்லத் தொடங்கினேன். அவருக்காக ஜெபிக்க மனம் வரவில்லை.

நேற்று உள்ளே வந்துவிட்டார்.

"ஏன் சத்தமில்லாம சொல்றீங்க? பொண்ணு ஜோதிக்கு ஆபரேஷன். அவ பேரையும் சேர்த்துக்குங்க."

கேலியோ என்று முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. ஜோதியின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

நம் வீட்டு மாதா படத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அக்கா ஜெபத்துக்கு வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உங்கள் மகள்
ஜெனோவா