கிணத்தடிக் கல்

ஆவணி 14, ஞாயிறு.

பின்னேரம் பிரான்சில இருந்து ஒரு வயசான வெள்ளைக்காரர் வந்தார். பங்குச் சுவாமி கூட்டி வந்து, அவர் கதைச்சதைத் தமிழில சொன்னார்.

அவரின்ர ஊர் சின்னன். மூண்டு பக்கமும் ஆறு வளைஞ்சு ஓடுதாம், மற்றப் பக்கம் முந்திரிகைக் கொடித் தோட்டம் ஏறுற மலை. ரெண்டு உலகச் சண்டையில எரிஞ்சும், சனம் திரும்பி வந்து பழைய அத்திவாரத்திலயே கட்டினதாம். பிற தேசத்தில செத்த தங்கட ஆக்களின்ர பெயரையும் இடத்தையும் கோயில் சுவரில வெட்டி வைச்சிருக்கினம். அதில எங்கட ஊர் நறுவிலிக்குளமும் இருக்காம், இஞ்ச வந்து காய்ச்சலில செத்த ஒரு சுவாமியாருக்காக. சின்ன வயசில இருந்து வாசிச்ச பெயராம். என்ன மாதிரியான சனம்!

"அவரின்ர கல்லறைக் கல்லைக் கண்டனீங்களோ?" எண்டு கேட்டு, தன்ர ஊர்ப் பெயரை ஒரு துண்டில எழுதித் தந்தார்.

"இல்லை, எல்லாம் சண்டையோட போட்டுது" எண்டன்.

போகேக்க, எங்கட கிணத்தடிக் கல்லில ஏறி நிண்டு புழுதிக் காலைக் கழுவினார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைச்சுது. மீளக்குடியேறின புதுசில, இடிஞ்ச கோயிலுக்குப் பின்னால பத்தைக்குள்ள கிடந்த கல் அது. என்ர மனுசனும் நானும்தான் உடுப்புத் தோய்க்க இழுத்து வந்தனாங்கள். பொழுதுபட ரெண்டு பேருமா அலவாங்குக் கம்பியால நெம்பிப் பிரட்டினம். அடியில சிலுவை. அவர் துண்டில எழுதித் தந்த ஊர்ப் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்பிடியே கிடக்கு.

அவை எங்கட பெயரைக் கோயில் சுவரில வைச்சிருக்கினம். நாங்கள் அவையின்ர பெயருக்கு மேல ஊத்தை உடுப்பு அடிச்சிருக்கிறம்.

இரவு பங்குச் சுவாமி வீட்டிலதான் தங்கிறார்; விடிய, பஸ் ஏற முதல் அவரைக் கூப்பிட்டுக் காட்டவேணும். கல்லை மூண்டு தரம் தேய்ச்சுக் கழுவிப்போட்டன். சவர்க்கார வாசம் போகுதில்லை.