அரைக் கட்டைதான் குறைவு, டிரைவரே

டிரைவரே,

நேற்று மலையிறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புதுமணத் தம்பதி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய், ஏரிப் பக்கம் வாங்கிய யூகலிப்டஸ் தைலப் புட்டியைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்க, பாதித் தைலம் அவர் சட்டையில் கொட்டிவிட்டது. பஸ் முழுக்க ஒரே நெடி. எல்லோரும் ஜன்னலைத் திறந்தார்கள். நான் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தேன். உங்கள் லாரி கேபினில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

தொண்டையில் தைலம் தடவிக்கொண்டால் குரல் வழுக்கிக்கொண்டு மேலே போகும் என்பது உங்கள் கண்டுபிடிப்பு. யார் சொன்னது என்று கேட்டால், "அந்தாளு தடவாமயா இப்படிப் பாடுவாருங்க?" என்பீர்கள். இப்படிப்பட்டவரோடு யாராவது வாதாடுவார்களா? நான் வாதாடினேன். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தை எடைபோட்டு எழுதுகிற ரைட்டர் நான், மூட்டைகளைக் கீழே கொண்டுபோகிற டிரைவர் நீங்கள். இருவரும் சேர்ந்து லாரியில் போகும்போது பேசிக்கொள்ள வேறு எவ்வளவோ விஷயம் இருந்தது. ஆனால் நாம் சண்டை போட்டது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் பாடுகிற விதத்தைப் பற்றி.

எல்லாம் அந்த செல் கடைக்காரர் செய்த வேலை. சேலத்தில் நீங்கள் பென்டிரைவில் சாமி பாட்டும் சினிமாப் பாட்டும் ஏற்றித் தரச் சொன்னீர்கள். நடுவில் அந்த வெள்ளைக்காரர் பாட்டையும் ஏற்றிவிட்டார். அடிவாரம் தாண்டி முதல் ஏற்றத்தில் லாரி முனகத் தொடங்கியபோது திடீரென்று ஒரு குரல் கிளம்பியது. நான் சொன்னேன், "யாருக்கோ பல்லைப் புடுங்கறாங்க, மாத்துங்க." நீங்கள் மாற்றவில்லை. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே, "என்னுங்க இது, இப்படி உசுரெ விடறாரு" என்றீர்கள். பாட்டு முடிந்ததும் திரும்பப் போட்டீர்கள். ஏற்காடு வந்து சேரும் வரை திரும்பத் திரும்பப் போட்டீர்கள்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் வந்தபோதுதான் விவரம் தெரிந்தது. அதற்குப் பெயர் ஓபராவாம். கதையைப் பாட்டாகவே பாடி நடிப்பார்களாம். ஆண்குரலில் உச்சத்தில் பாடுகிறவரை டெனர் என்பார்களாம். "அப்ப நம்ம கூத்துக்காரரு மாதிரின்னு சொல்லு கண்ணு" என்று நீங்கள் ஒரே நிமிஷத்தில் விஷயத்தை முடித்துவிட்டீர்கள். அவள் செல்போனில் படத்தோடு காட்டினாள். பெரிய தாடி, பெரிய வயிறு. வாயைத் திறந்தால் உள்நாக்கு வரை தெரிந்தது. அன்றிலிருந்து நீங்கள் அவரைப் பாகவதர் என்றே சொல்ல ஆரம்பித்தீர்கள். நான் 'உங்க பாகவதர்' என்றேன். பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும் என்று.

சனிக்கிழமை பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பதால் எனக்குச் சங்கீதம் தெரியும் என்பது ஊரார் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுதான். அந்த உரிமையில் சொன்னேன்: குரல் ஒரு சுரத்தில் நிற்காமல் நடுங்குகிறது, இது நரம்புத் தளர்ச்சி.

"ஏனுங்க ரைட்டரே, லோடு வண்டி ஏத்தத்துல நடுங்காதுங்களா? நடுங்குனா இஞ்சின் இழுக்குதுன்னு அர்த்தமுங்க."

"சங்கீதம் என்ன மூட்டையாங்க, இழுக்கறதுக்கு?"

"கீழ இருந்து மேல போறாரே, எங்க கியர் மாத்தறாருன்னு தெரியுதுங்களா? நானும் முப்பது வருசமா வண்டி ஓட்டறேன், ஒருக்கா கூட இப்படி மாத்துனதில்லீங்க."

"தாடிக்குள்ள மைக்கு இருக்குதுங்க. அதான் அந்தச் சத்தம்."

"நீங்க ஒரு மரமுங்க."

எவ்வளவு முற்றினாலும் அந்த 'ங்க' மட்டும் போகவே போகாது. டீக்கடையில் புதிதாக உட்கார்ந்தவர்கள் நாம் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பெரிய சண்டை அர்த்தத்தைப் பற்றியது. போய்விட்ட யாரையோ அவர் கூப்பிடுகிறார் என்றீர்கள் நீங்கள். மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்கலாம், ஆனால் கூப்பிடுகிறார், அது நிச்சயம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேனேஜரிடம் போனஸ் கேட்டுக் கிடைக்காதவன் வெளியே வந்து கத்துகிற மாதிரி இருக்கிறது, இதில் துக்கம் எங்கே, வெறும் தொண்டை என்றேன். மகள் பார்த்தாள். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, அர்த்தம் இதுலயே போட்டிருக்கு, படிக்கட்டுமா?" என்று செல்போனை எடுத்தாள். இருவரும் ஒரே குரலில் "வேண்டாம் கண்ணு" என்றோம். பாகவதர் விஷயத்தில் நாம் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். அர்த்தம் தெரிந்துவிட்டால் அப்புறம் லாரியில் என்ன பேசுவது?

பிறகுதான் உங்கள் குரல் கட்டத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு பாகவதரோடு சேர்ந்து நீங்களும் கத்துவதால் வந்த வினை என்று நினைத்தேன். கட்டியது திறக்கவே இல்லை. சேலத்து டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, குரல் நரம்பில் ஒரு கட்டி என்றார். எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்தால் பழைய குரல் வராமலே போகலாம். "உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று நான்தான் கேட்டேன். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆபரேஷன் வரை பேசாமல் இருந்தால் போதும் என்றார் அவர். நீங்கள் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். லாரியில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் சொன்னீர்கள்:

"அந்த மேல் சத்தத்தை ஒருக்காத் தொட்டுப் பாத்துரோணுமுங்க ரைட்டரே. அப்புறம் போனாப் போவுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தொண்டை கிழிந்துவிடும் என்றேன். டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்றேன். அந்தச் சுரம் உங்கள் வம்சத்திலேயே யாருக்கும் எட்டாது என்றும் சொன்னேன். உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். இத்தனை வருஷம் பாடினவரைப் பற்றியே பேசிவிட்டோம், தன் குரல் போவதற்குள் ஒரு தடவை தானும் பாடிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டீர்கள். "பாடறதுன்னா சுருதியோட பாடுங்க, நான் ஆர்மோனியப் பொட்டி எடுத்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரடியூர்ப் பாறைக்குப் போனோம். எஸ்டேட்டில் பாடினால் மேனேஜர் வருவார், வீட்டில் பாடினால் வீட்டம்மா வருவார். கரடியூரில்தான் யாரும் வர மாட்டார்கள் என்பது உங்கள் கணக்கு. நான் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாகவதரின் உச்சச் சுரம் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தேடிப் பிடித்திருந்தேன். பிடிக்காத ஆளுக்காக இவ்வளவு மெனக்கெட்டவன் நானாகத்தான் இருப்பேன். காட்சி பார்க்க வந்த டூரிஸ்டுகள் ஏதோ கச்சேரி என்று சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அம்மா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். நீங்கள் கழுத்தில் தைலம் தடவிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பள்ளத்தைப் பார்த்து நின்றீர்கள்.

பாடினீர்கள். வார்த்தை ஒன்றும் தெரியாததால் 'லா' என்றும் 'ரா' என்றும் போட்டு நிரப்பினீர்கள். முதல் பகுதி கரகரவென்று, மணல் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி வந்தது. முறுக்கு அம்மா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே பயமும். அப்புறம் அந்த இடம் வந்தது. வயிற்றை எக்கி, இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்தீர்கள். உள்நாக்கு வரை தெரிந்தது. கரகரப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. குரல் ஒரே நேராகப் பாறையை விட்டுக் கிளம்பிப் பள்ளத்தைத் தாண்டி எதிர்மலையில் போய் மோதியது. முறுக்கு அம்மா மெல்லுவதை நிறுத்தினார். நான் கட்டையை அழுத்திய விரலை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது டிரைவரே, அதை அன்றைக்கே சொன்னால் என்னென்ன பேசுவீர்கள் என்று தெரிந்ததால் துருத்தியைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினீர்கள். "எப்படிங்க?" என்று வாயசைத்தீர்கள். நான் பதில் சொல்வதற்குள் கீழே நாய்கள் குரைக்கத் தொடங்கின. தகர டின் தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குள் ஒருவர் வெடி கொளுத்திப் போட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்து வழக்கம் நம் இருவருக்கும் தெரியும். அன்று மறந்து தொலைத்துவிட்டோம். தோட்டத்துக்குள் காட்டெருமை இறங்கினால், முதலில் பார்ப்பவர் மேடான இடத்தில் ஏறி நின்று, வார்த்தை எதுவும் இல்லாமல், ஒரே மூச்சாக நீளக் குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். பள்ளத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்காது, அதனால் இன்றைக்கும் இதுதான் நடைமுறை. நீங்கள் பாகவதரின் உச்சத்தைத் தொட்டதில் கரடியூரே கம்பும் கையுமாகப் பாறை மேல் ஏறி வந்துவிட்டது.

"எந்தப் பக்கமுங்க எறங்குச்சு? எத்தனைங்க?" என்றார் முன்னால் வந்தவர்.

நீங்கள் பேசக் கூடாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "காட்டெருமை இல்லீங்க. இவரு பாடுனாருங்க."

அங்கே கூடியிருந்தவர்கள் ஆர்மோனியத்தைப் பார்த்தார்கள், உங்களைப் பார்த்தார்கள். ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "அடுப்புல கொழம்பு கொதிக்குதுங்க, அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன். பாட்டாமா பாட்டு! எங்கூட்டுக் கொழம்பு தீஞ்சா யாருங்க பதில் சொல்றது?" டூரிஸ்டுகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி போலிருக்கிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் வந்தவர் கம்பைக் கீழே ஊன்றிக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எருமைக்குக் கத்துனா கொரல்ல பயம் இருக்குமுங்க" என்றார். "இதுல பயமில்ல. பாதி வழியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது எருமைக்கு இல்லைன்னு. ஆனாலும் நிக்க முடியலீங்க. யாரையோ கூப்புடறாப்ல இருந்துச்சு, வந்துட்டேன்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்களே, அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தேர்தலில் ஜெயித்தவன் முகம். 'கேட்டீங்களா?' என்று ஒரு விரலால் அவரைக் காட்டி, அதே விரலால் என் நெஞ்சில் குத்தினீர்கள். நானா விடுவேன்? "எருமைக்குத்தாங்க கெளம்புனாங்க, உங்க பாகவதருக்கு இல்ல" என்றேன். லாரியில் ஏறிய பிறகும் நீங்கள் என்னை விடவில்லை. சுருதி எப்படி என்று சைகையில் கேட்டீர்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. "அரைக் கட்டை குறைவுங்க" என்றேன். டாக்டர் சொன்னதை மறந்து வாயைத் திறந்துவிட்டீர்கள். "அரைக் கட்டைதானுங்களா? அவ்வளவுதானுங்களா?" சந்தோஷத்தில் லாரி ஓரத்துப் பள்ளத்துக்குப் போய் வந்தது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை. காற்றுதான் வந்தது, வார்த்தை வடிவில். நீங்கள் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. தேறி வந்த முதல் நாளே டீக்கடையில் உட்கார்ந்து, காற்றுக் குரலில், பாகவதர் மூச்சை வயிற்றிலிருந்துதான் எடுக்கிறார் என்று ஆரம்பித்தீர்கள். நான் வழக்கம்போல உரக்க மறுத்தேன். நீங்கள் ஏதோ சொன்னீர்கள். என் சத்தத்தில் அது கேட்கவில்லை. இன்னும் ஒரு தடவை சொன்னீர்கள். அதுவும் கேட்கவில்லை. அப்படி ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நானும் குரலை இறக்கினேன். உங்கள் அளவுக்கு, காற்று அளவுக்கு.

அதன் பிறகு நம் சண்டை முழுக்கக் கிசுகிசுப்பில்தான் நடந்தது. "நீங்க ஒரு மரமுங்க" என்பதைக்கூட ரகசியமாகச் சொன்னீர்கள். நாம் யாருக்கோ சம்பந்தம் பேசுகிறோம் என்று டீக்கடைக்காரர் நினைத்துக்கொண்டு, கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே மேஜையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். நடுங்குகிறது, நடுங்கவில்லை, மைக்கு, தாடி, கியர் என்று கேட்டுக் குழம்பிப்போவார். அவ்வளவு நன்றாக நாம் முன்பு சண்டை போட்டதே இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் காதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருதயம் என்றார்கள். பாகவதர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. குரல் நடுங்கத்தான் செய்கிறது. ஆள் போனதற்காக ஒப்புக்கொண்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

மாறியது வேறு ஒன்று. பஜனையில் என் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்பதில்லையாம். கடையில் எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் கடைக்காரர் காதில் விழுகிறது. நேற்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சலித்துக்கொண்டாள்: "ஏனுங்க, ஊட்டுல யாராச்சும் தூங்கறாங்களா? ஆபரேசன் பண்ணுனது அவருக்கா உங்களுக்கா? கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களே."

பேசிப் பார்க்கிறேன் டிரைவரே. குரல் ஏறத்தான் ஏறுகிறது. ஆனால் ஒரு இடம் வந்ததும் தானாக நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போனால் உங்களால் பதில் சொல்ல முடியாதே.