முழங்கால் வெளியே வந்தது

ஜூன் 3, திங்கள்

துணி துவைக்கும் நாள். விறகடுப்புக்கு மேலே கொடியில் போன வாரம் துவைத்த ஆறு வெள்ளைச் சட்டைகள், இன்னும் ஈரம். சபையின் மிஷன் ஊழியத்துக்காகச் சிலே நாட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த அன்குட் ஊரில் மழை ஒரு நாளும் விட்டதில்லை.

காலையில் நான்கு நிமிடம் தாமதமாக எழுந்துவிட்டேன். எனக்குப் பயிற்சி கொடுக்கும் ரோஸ்கெல்லி கடிகாரத்தோடு தலைமாட்டில் நின்றான். “ஆறு முப்பத்தி நாலு, மகனே. கர்த்தரோட நேரத்துல நாலு நிமிஷத்தத் திருடிட்ட” என்றான். நின்றுகொண்டே சாப்பிட வைத்தான். பயிற்சி கொடுப்பவனை அப்பா என்றும் பயில்பவனை மகன் என்றும் சொல்வது மிஷனில் வழக்கம். அப்பாவுக்கு வயது இருபது. மகனுக்குப் பத்தொன்பது.

ஜூன் 9, ஞாயிறு

இரண்டு வருட மிஷனில் இன்னும் எழுநூற்று மூன்று நாள். எண்ணக் கூடாதாம்.

ஜூன் 14, வெள்ளி

டான் எலிசேயோ வீட்டுக்கு நான்காவது முறை (டான் என்றால் இங்கே ஐயா). பழைய மீனவர், எழுபத்தொரு வயது, பேசினாலே நெஞ்சு கரகரக்கிறது. மனைவி ரொசாரியோ போய் எட்டு மாதம். குடும்பங்கள் மறுமையிலும் சேர்ந்திருக்கும் என்று ரோஸ்கெல்லி சொன்ன நாளிலிருந்து மனிதர் எங்களை விடுவதில்லை. முதலில் ஞானஸ்நானம், ஒரு வருடம் கழித்துக் கோவிலில் மனைவியோடு என்றென்றைக்குமாகச் சேர்த்துவைக்கும் முத்திரை. “எல்லாத்தையும் சரியாப் பண்ணிருங்க தம்பி. ஏதாச்சும் குறை வச்சு அவ கிட்டப் போக முடியாமப் போயிரக் கூடாது” என்றார்.

மகள் நெலிடா எங்களுக்கு என்றே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் சபையில் காபி விலக்கு, குடிக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். “காபிக்குப் பயப்படுற பசங்க எங்கப்பாவச் சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் வெளியே வந்ததும் ஏச்சு.

ஜூன் 20, வியாழன்

எழுதவே கை கூசுகிறது.

மிஷனில் இருவர் இருவராகத்தான் வைப்பார்கள், ஜோடியில் ஒருவன் மற்றவன் பார்வையை விட்டுப் போகக் கூடாது. தனியாக இருக்கக் கிடைக்கும் ஒரே இடம் கழிவறை. நேற்று அம்மாவின் கடிதத்தை அங்கே வைத்துப் படித்து அழுதேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன். இன்று இந்தப் பகுதி ஊழியர்களின் கூட்டத்தில், மற்ற நான்கு பேர் முன்னால், ரோஸ்கெல்லி அதை நடித்துக் காட்டினான். மூக்கை உறிஞ்சி, “அம்மா, எனக்கு உருளைக்கிழங்கு வேணும்மா” என்று. எங்கள் வீடு இடாஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனே, அதை என்ன சொல்ல!

அவனைத் தலைகுனிய வைக்க வேண்டும். ஒரே ஒரு முறை, பத்துப் பேர் பார்க்க. இதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கக்கூட எனக்கு மனமில்லை.

ஜூலை 6, சனி

இன்று டான் எலிசேயோவுக்கு ஞானஸ்நானம். நடந்தது நடந்தபடி.

இங்கே ஜூலை நடுக்குளிர்காலம், சபைக் கட்டடத்தில் ஞானஸ்நானத் தொட்டியின் வெந்நீர்ச் சாதனம் பழுது. திங்களன்று இடமாற்றப் பட்டியல் வரும். ஐந்து மாதமாக ரோஸ்கெல்லி ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, பட்டியலுக்கு முன் ஒன்றாவது வேண்டும் அவனுக்கு. அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமே என்றேன். “விசுவாசம் குறையுறவனுக்குத்தான் குளிரும்” என்றான். டான் எலிசேயோவும் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை.

சாட்சிகள் இருவர்: நானும் சபைத் தலைவரும். அவருக்குக் கண் சரியில்லை, நான் சொல்வதைக் கேட்டுத்தான் தலையாட்டுவார். உடம்பு முழுக்க நீருக்குள் போக வேண்டும். ஒரு நகம் மேலே தெரிந்தாலும் செல்லாது, மறுபடி முக்க வேண்டும்.

முதல் முறை ரோஸ்கெல்லி தொட்டிக்குள் நின்று அவரை முக்கியபோது இடது கால் கட்டைவிரல் வெளியே வந்தது. உண்மை. சொன்னேன்.

இரண்டாம் முறை எதுவும் வெளியே வரவில்லை. ஒரு முடிகூட. ரோஸ்கெல்லி உதடு நீலமாகி, பல் கிடுகிடுக்க, என்னை அண்ணாந்து பார்த்தான். முதல்முறையாக அவன் என்னிடம் ஒன்றைக் கேட்டு நின்றான். அறை நிறைய ஆட்கள். எனக்கு இனித்தது. ஆமாம், இனித்தது.

“முழங்கால்” என்றேன்.

டான் எலிசேயோ இருமி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். “இன்னொருக்கா முக்குங்க, தம்பி” என்று அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை முடிந்து படியேறும்போது என் கையைப் பற்றினார். கை மீன்போலக் குளிர்ந்திருந்தது. “இப்ப முழுசா ஆயிருச்சுல்ல?” ஆகிவிட்டது என்றேன்.

வீடு திரும்பும் வழியில் ரோஸ்கெல்லி என் தோளில் கைபோட்டான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். “இன்னைக்குத்தான்டா நீ என் மகன். மத்தவனா இருந்தா பாவம் பாத்து விட்டிருப்பான்” என்றான்.

ஜூலை 8, திங்கள்

இடமாற்றம் இல்லை, இன்னும் ஆறு வாரம் இவனோடுதான். என் துல்லியத்தைப் புகழ்ந்து மிஷன் தலைவருக்கு எழுதியிருக்கிறான்.

ஜூலை 11, வியாழன்

டான் எலிசேயோ ஆஸ்பத்திரியில். நிமோனியா. நெலிடா எங்களை உள்ளே விடவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் போய்விட்டார்.

ஜூலை 18, வியாழன்

அடக்கம். மழை. கல்லறை வாசலில் நெலிடா எங்களை நிறுத்தினாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என்னை மட்டும் பார்த்துப் பேசினாள். “அப்பா சாகுற வரைக்கும் உன்னப் பத்தித்தான் சொன்னாரு. அந்தச் சின்னவன் மட்டும் பாக்கலைன்னா ரொசாரியோகிட்டப் போக முடியாமப் போயிருக்கும்னு.” பிறகு ரோஸ்கெல்லியிடம் திரும்பி, “ஒரு கிழவன ஒழுங்காத் தண்ணிக்குள்ள அமுக்கத் தெரியாதா உனக்கு?” என்றாள்.

அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். நானும் அவற்றையே பார்த்தேன்.

ஜூலை 29, திங்கள்

ரோஸ்கெல்லி சாப்பிடுவதில்லை. ஆறு நாளாக ஆறரைக்கு எழுவதுமில்லை. தன் கைகளையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். கழிவறையில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருக்கிறான். சத்தம் எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 7, புதன்

மதியம் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான். “ஹேட்லாக், ஒண்ணே ஒண்ணு சொல்லு. ரெண்டாவது தடவ முழங்கால் நெசமாவே வெளிய வந்துச்சா? என் கைக்கு அது தண்ணிக்குள்ள இருந்த மாதிரியே இருக்குடா.”

மகனே என்று சொல்லவில்லை. பெயர் சொன்னான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அவன் தேறியிருப்பான். ஆனால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை சபையில் எப்படி உட்காருவார்? நெலிடாவுக்கு யார் போய்ச் சொல்வது?

“வந்துச்சு” என்றேன். “நல்லாத் தெரிஞ்சுது.”

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ரோஸ்கெல்லி இன்று விமானம் ஏறினான். மிஷன் முடிய ஐந்து மாதம் இருந்தது. முடிக்காமல் திரும்புகிறவனுக்கு அவர்கள் ஊரில் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள். பெட்டியை நான்தான் கட்டிக் கொடுத்தேன். நன்றி சொன்னான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மூன்று மாதத்திலேயே பயிற்சியாளன் ஆனவன் இந்த மிஷனில் நான் ஒருவன்தானாம். மிஷன் தலைவர் தொலைபேசியில் சொன்னார். துல்லியம் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார்.

பேருந்து நிலையத்திலிருந்து புதியவனை அழைத்துவந்தேன். ஸ்டிம்ப்சன் என்று பெயர். காது சிவந்து, பெட்டியை மழையில் இழுத்துக்கொண்டு, “நீங்கதான் எனக்கு அப்பாவா?” என்றான். ஆறரை என்றால் ஆறரை, ஆறு முப்பத்து நான்கு இல்லை என்று சொல்லிவைத்தேன்.

தனக்கு முன்னால் இங்கே இருந்தவர் ஏன் போய்விட்டார் என்று கேட்டான்.

“ஞானஸ்நானம் குடுக்கையில அவன் கை சரியில்ல” என்றேன். “முழங்கால் வெளிய வந்துருச்சு.”

அவன் தன் புதுக் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டான்.