எஸ்னாத் அம்மா ஒரு தரம்தான் கேட்பார்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள மகள் யூஜினாவுக்கு,

மாதாவின் கிருபையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும், ஆனால் நேற்று நீ சோளப்பொத்தியைக் கடித்துக் கடித்து என்னோடு கதைத்ததைக் கேட்ட பிறகு இந்த முறை அதைக் கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. சிக்னலுக்காக நீ அந்த மேட்டில் ஏறி நின்றாலும் பாதியில் அறுந்துவிடுகிறது, சொல்ல நினைத்ததில் கால்வாசியும் சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதி, வருகிற கிழமை உன்னைப் போலவே மலாவிக்குத் தொண்டு வேலைக்கு வெளிக்கிடுகிற வெள்ளவத்தைப் பெடியன் ராகுலனிடம் கொடுத்து விடுகிறேன். அவனையும் ஒரு கிராமத்து வீட்டில்தான் தங்கவைக்கப் போகிறார்களாம். அவனுடைய அம்மாவிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது, சொல்லியும்விட்டேன்.

நீ கல் சுமக்கும்போது மயங்கி விழுந்த செய்தி உங்களை அனுப்பிய தொண்டு நிறுவனக் கந்தோரிலிருந்து முதலில் அப்பாவின் போனுக்குத்தான் வந்தது. மீன் வாங்கப் போனவர் மீன் இல்லாமல் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டுகிற இடத்தில் நீ விழுந்தாயாம், காய்ச்சல் ஒன்றும் இல்லையாம், வயிற்றில் ஒன்றும் இல்லாததுதான் காரணமாம். நீ தங்கியிருக்கிற வீட்டு எஸ்னாத் அம்மாவே உன்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டாராம், அந்த ஊரில் வேறு வீடு கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பத்தான் வேண்டும் என்றார்களாம். மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் கொள்ளுப்பிட்டியில் இருக்கிற அந்தக் கந்தோருக்கு வெளிக்கிட்டோம். படியில் மேல்வீட்டு மயிலம்மா பிடித்துக்கொண்டா. விஷயம் எப்படி அதற்குள் அவவுக்குப் போனதோ தெரியாது. “படிப்பிச்சுப் பட்டம் வாங்கிக் குடுத்தது பிள்ளை ஆபிரிக்காவில பட்டினி கிடக்கிறதுக்கோ?” என்று கேட்டா. மற்ற நேரமென்றால் அப்பா இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பார், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித்தான் கேட்கப் போவதாகச் சொன்னார். நானும் மறுக்கவில்லை. எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை, வாய் திறந்து ஒரு மிடறு தண்ணீர் கேட்கவும் கூச்சப்படுகிற பிள்ளை, அவளை ஏன் அவ்வளவு தூரம் விட்டோம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன்.

கந்தோரில் அப்பா சிங்களத்தில் தொடங்க, மேசையில் இருந்த பிள்ளை தமிழில் பதில் சொன்னா. ஹப்ஸா என்று பெயர், தெஹிவளையாம். மலாவியில் உங்களைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னதை அப்படியே எங்களுக்குச் சொன்னா. முதல் நாளிலிருந்து எஸ்னாத் அம்மா எதைக் கொடுத்தாலும் நீ வேண்டாம் என்றுதான் சொன்னாயாம். அவர் சமைக்கும் சோளமாக் களியும் வேண்டாம், பூசணி இலைக் கறியும் வேண்டாம், உனக்காகக் கோழி அடித்த அன்றைக்கும் வேண்டாம். பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சியதில் இரண்டு வாய் எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவாயாம். தன்னுடைய அடுப்பு உனக்கு அருவருப்பு என்று அந்த மனுஷி நினைத்துவிட்டார், தன் வீட்டில் ஒரு பிள்ளை பட்டினி கிடப்பதைப் பார்க்க ஏலாது, அதற்கு ஒத்துவருகிற சாப்பாடு உள்ள வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று அழுதாராம். நான் ஹப்ஸாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், “அவ எத்தினை தரம் கேட்டவவாம்?” என்று. அந்தப் பிள்ளை விளங்காமல் என்னைப் பார்த்து, “ஒருதரம்தான் கேப்பாங்க ஆன்ட்டி” என்று தொடங்கிவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. “அல்லாஹ், எங்கட ஊட்டிலயும் மூணாந்தரம் சொல்லும் வரைக்கும் சாப்பாட்டுக் கோப்பையைத் தொட மாட்டோமே” என்றா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது மகள், அத்தனை பயத்துக்குள்ளும் வந்தது. பிறத்தியார் வீட்டில் கேட்டவுடனே கையை நீட்டக்கூடாது என்று உனக்குச் சொல்லித்தந்தது நான்தான், அது நல்ல பழக்கமும்தான். ஆனால் இங்கே நீ வேண்டாம் என்றால் மாமிமார் யாராவது விடுவார்களா? கையைப் பிடித்து இருத்திவிடுவார்களே.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப என்ர பிள்ளை இவ்வளவு நாளும் அந்த ரெண்டாவது கேள்விக்குப் பாத்துக்கொண்டு இருந்ததோ?” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்காரரை இரண்டு மூன்று தரம் கேட்கச் சொல்லுங்கள் என்று அவர் ஹப்ஸாவிடம் சொன்னார். நான் விடவில்லை. அது அவர்களுடைய வீடு, அவர்கள் ஒரு தரம் கேட்டால் அது மனதோடு கேட்பது, நீ சொல்வதையும் மனதோடு சொல்வதாகத்தான் எடுக்கிறார்கள், அதில் என்ன பிழை? மாற வேண்டியது எங்கள் பிள்ளைதான், முதலில் அந்த அம்மாவுக்கு விஷயத்தை விளங்கப்படுத்துங்கள், அதற்குப் பிறகும் அவருக்கு விருப்பமில்லை என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஹப்ஸா எங்களுக்கு முன்னாலேயே மலாவிக்கு அழைத்துக் கதைத்தா. பதில் வரும்வரை நான் எந்தச் சமையலையும் ஒழுங்காகச் செய்யவில்லை, ஒருநாள் பருப்புக்கு உப்பே போடவில்லை, அப்பா அதையும் சாப்பிட்டார்.

அதனால்தான் நேற்று உன் குரலைக் கேட்டதும் கையில் இருந்த அகப்பையோடு குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். விஷயம் விளங்கியதும் நீயாகவே கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், எஸ்னாத் அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவர்களுடைய பாஷையில் “எனக்குப் பசிக்குது அம்மா” என்று சொன்னாய் என்றாயே, அதை நான் அப்பாவிடம் எத்தனை முறை திருப்பிச் சொல்லிவிட்டேன் தெரியுமா. அந்த அம்மா உடனே உன் கோப்பையை நிறைத்தாராம், நீ முடித்ததும் இன்னொரு பிடியும் வைத்தாராம். பிறகு நேற்று உன்னிடமிருந்து போனை வாங்கி அவர் கதைத்ததும், “வகுப்பறைக்குக் கூரை போடும் மட்டும் இந்தப் பிள்ளையை ஒருத்தருக்கும் தரமாட்டாவாம்” என்று நீ சொன்னதும், அப்பா எழும்பி நின்று தான் வேலை செய்கிற துறைமுகத்தில் பெரிய ஐயாமாரோடு கதைப்பதுபோல “தேங்க்யூ மேடம், தேங்க்யூ” என்றார். போனை வைத்தவுடன் வெளிக்கிட்டுப் போய் அவருக்கு பூப்போட்ட நல்ல சீத்தைத் துணி ஒன்றும் தேயிலையும் வாங்கி வந்தார். அதுதான் பார்சலில் இருக்கிறது. உனக்குத் தின்ன ஒன்றும் வைக்கவில்லை, கோபிக்காதே, உனக்கு வேண்டியது அந்த வீட்டு அடுப்பில் இருக்கிறது.

முகத்துவாரத்து மாமியின் பிள்ளை றெஜிக்குத் தை மாதம் கலியாணம், நீ வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன். மயிலம்மா இப்போது, நீ அங்கே சமாளிப்பாய் எனத் தனக்கு முதலே தெரியும் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிகிறா.

வெயிலில் தொப்பி போடு, நுளம்பு வலைக்குள் படு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. எஸ்னாத் அம்மா கேட்டால் முதல் தரமே ஓம் என்று சொல்லு. உண்மையாகவே வயிறு நிறைந்திருந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லு, அப்போது அவரும் உன்னை நம்புவார். இங்கே திரும்பி வந்து நீ வேண்டாம் என்று சொன்னால் நானும் அதை நம்பப் பழக வேண்டும், அதற்கு எனக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும், பொறுத்துக்கொள். மாதா உன்னையும் அந்த வீட்டில் உள்ள அத்தனை பேரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அம்மா றோஸி

மகள், எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். அம்மா இந்த இடத்தை விட்டுத் தந்தா. பசிச்சாக் கேள். எங்க இருந்தாலும் கேள். அப்பா.