அரைத்தும் திறக்காத கல்

தலத்தெரு, காரைக்கால்
12.6.2024

அன்புள்ள மைக்கேலுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். நீ அனுப்பிய தாதுக் கற்கள் உடையாமல் வந்தன. உங்கள் தங்க ஆலையில் பாதித் தங்கம்தான் சயனைடு கரைசலில் இறங்குகிறது, இன்னும் நைசாக அரைக்கப் புது இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்.

கற்களை மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். கொஞ்சம் தங்கம் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்தின் மணிகளில், விரிசல் ஓரங்களில் இருக்கிறது. இப்போதைய அரைப்பிலேயே கரைசல் அதைத் தொட்டுவிடும். மீதி, விரிசல் எட்டாத உள்ளிடத்தில், கண்ணுக்குத் தெரியாத பொடியாக. எவ்வளவு அரைத்தாலும் ஒவ்வொரு துகளுக்குள்ளும் மூடியே கிடக்கும். மிகவும் நைசானால் களிமண் சேறாகி, கரைசலைத்தான் வீணடிக்கும். தாதுவை முதலில் வறுத்துப் பைரைட்டைத் துளைபடச் செய்ய வேண்டும். இயந்திரம் வேண்டாம்.

என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம்.

அன்புடன்,
இளையபெருமாள்


முவான்சா, தான்சானியா
3.7.2024

டேய் பெருமாளு,

ஆய்வுக்கூடத்திலேயே தலை நரைத்தும் உன் கடைசி வரி மாறலையே! கல்லூரி வேதியியல் தேர்வில் உப்பைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, 'வேறாகவும் இருக்கலாம்' என்று எழுதி மதிப்பெண் இழந்தவன்தானே நீ. ஆலைக் கூட்டத்தில் அந்த வரியை மட்டும் வாசித்தேன். ஒரே சிரிப்பு. இயந்திரத்துக்கு ஆர்டர் போட்டாச்சு. வறுக்கிற உலை, புகைக்கு அனுமதி என்று யாருடா அலைவது?

கோவிச்சுக்காதே. கிறிஸ்துமஸுக்கு என் தங்கச்சி இருதயமேரி வழக்கம்போல கேக் கொண்டுவருவாள்.

மைக்கேல்


தலத்தெரு
29.7.2024

அன்புள்ள மைக்கேலுக்கு,

சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இயந்திரம் வருமுன், ஒரு கைப்பிடி தாதுவை ஆய்வுக்கூடத்தில் மிக நைசாக அரைத்துக் கரைத்துப் பார். நான் சொன்னது தவறென்றால் எனக்கும் நிம்மதிதான்.

பதில் போடு.

இளையபெருமாள்


முவான்சா
8.12.2025

பெருமாளு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிச்சுக்கடா. சோதனை எதுவும் செய்யவில்லை. இயந்திரம் ஓடியது. தங்கம் கூடவில்லை, சயனைடு செலவுதான் ஏறியது. இப்போது விசாரணை. நைசாக அரைக்கச் சொன்னவன் நீ என்று, பழைய தேதி போட்டு ஒரு தாள் தயார் செய்து இருதயமேரிக்கு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடு. எனக்கு வேலை போய்விடும். நீ வீட்டோடு இருக்கிறவன், உன்னை யார் கேட்கப்போகிறார்கள்? எப்படியும் தவறாக இருக்கலாம் என்று நீயே எழுதினவன்தானே.

மைக்கேல்


தலத்தெரு
26.12.2025

மைக்கேல்ராஜ் அவர்களுக்கு,

நேற்றுக் கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் உங்கள் தங்கை வந்தார். கேக் டப்பாமேல் தாளை வைத்து நீட்டி, "ஒரு கையெழுத்துதானேங்கண்ணே, போட்டுக் குடுத்துருங்க. அண்ணன் பொழப்பு போயிரும்ங்கறாங்க" என்றார். பாவம், அவர் அதைப் படித்திருக்கவில்லை. காபி கொடுத்து, தாளையும் டப்பாவையும் அப்படியே திருப்பித் தந்தேன். "கேக்கு என்னங்கண்ணே பண்ணுச்சு?" என்று கேட்டார்.

இன்று உங்கள் கற்களை மறுபடி பார்த்தேன். தங்கம் உள்ளேதான் இருக்கிறது. கற்களை உங்களுக்கே பார்சலில் அனுப்பிவிட்டேன். விசாரணைக்காரர்கள் கேட்டால் என் ஜூன் மாதக் கடிதத்தின் நகலை முழுதாகத் தருவேன்.

நீங்கள் கடைசி வரியை மட்டும் வாசிப்பவர் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்: நான் அரைக்கச் சொல்லவில்லை.

இளையபெருமாள்