முயலுக்கு இடமில்லை

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். கடல் அடங்கிவிட்டது. இனிப் படகுக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு திருத்த என் கொட்டிலுக்கு வருவார்கள். குச்சவெளிக்காரரின் எஞ்சின் கழற்றியபடி கிடக்கிறது. கை போகவில்லை.

காரணம் சனிக்கிழமை. எழுதிவைக்காவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

மகள் மதுவின் முன்பள்ளியில் அக்சயன் என்றொரு பொடியன். சனிக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறார்கள், மதுவுக்கு மட்டும் இல்லை. அது எங்களுக்குத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் கதைத்ததைக் கேட்டுவிட்டுத் தனக்கும் சொன்னதாக நினைத்திருக்கிறாள். மத்தியானமே மஞ்சள் சட்டை போட்டு, கதவடியில் கதிரையை இழுத்து வைத்து இருந்தாள்.

"எப்பயப்பா போறது?"

"எங்கையம்மா?"

"அக்சயன் வீட்ட. கேக் வெட்டப் போறான்."

அக்சயனின் தாய்க்கு எடுத்துப் பார்த்தேன். ஃபோன் அடித்து ஓய்ந்தது. பின்னேரம் பெற்றோர் குழுவுக்குப் படம் வந்தது. கப்பல் மாதிரிக் கேக். சுற்றி முழு வகுப்பும்.

சட்டையோடேயே நித்திரையாகிவிட்டாள்.

இன்று கலா வேலை முடிந்து வந்து சொன்னது இன்னும் மோசம். கலா சூப்பர் மார்க்கெட்டில் காசாளர். அந்தத் தாய், ராதிகா, சாமான் வாங்க வந்தவளாம். பக்கத்தில் நின்றவளிடம் சொல்லியிருக்கிறாள்: "அந்தப் பிள்ளையின்ர கண்ணில பிளாஸ்டர். படம் எடுக்க வடிவா இராது. சின்னனுகளும் பயப்பிடும்."

பில் போட்டுக்கொண்டிருந்தவள் அந்தப் பிள்ளையின் தாய் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஏறெடுத்துப் பார்த்தால்தானே.

"நீ என்ன சொன்னனீ?"

"பை வேணுமோ எண்டு கேட்டனான்."

மதுவுக்கு நாலரை வயது. இடது கண் மந்தம். அது வேலை செய்யப் பழக வேண்டுமென்று டொக்டர் நல்ல கண்ணை மறைக்கச் சொன்னார். தினமும் காலையில் வலது கண்ணில் பிளாஸ்டர். நேரம் முடிய முன்னமே பிய்த்து எறிவாள். தினமும் சண்டை.

கலா சொல்கிறாள், விடுங்கோவாம். விடமாட்டேன். ராதிகா இனி இங்கே ரா. முழுப் பெயர் எழுதும் மரியாதை கிடையாது.

மார்ச் 4, செவ்வாய்

என்ன செய்யலாம்:

குழுவில் எழுதலாம். எழுதினேன், நீளமாக. கலா பார்த்து அழித்துவிட்டாள்.

வேறு முன்பள்ளிக்கு மாற்றலாம். ஏன்? நாங்கள் ஏன் போகவேண்டும்?

நேரே வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடலாம். ரா. பெற்றோர் சங்கத் தலைவி. போனால் நான்தான் குடிகாரன் என்று பெயர் வரும். குடிப்பதில்லை. ஆனாலும் வரும்.

மதுவைக் கூட்டிவரப் போனேன். படலையடியில், ஊருக்குள் திரியும் மான் ஒன்று யாருடையதோ தொப்பியைச் சப்பிக்கொண்டு நின்றது. துரத்திவிட்டு நிமிர்ந்தால் பிரியா ரீச்சர். ஒரு பெட்டி படப் புத்தகம் வந்திருக்கிறதாம். அன்பு, கருணை, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, அப்படியான கதைகள். கிழமைக்கு ஒரு பெற்றோர் வந்து வாசிக்க வேண்டுமாம்.

"அப்பாமார் ஒருத்தரும் வரமாட்டினமாம். நீங்கள் வாறீங்களோ? வெள்ளிக்கிழமை?"

"எனக்கு உதெல்லாம் ஏலாது ரீச்சர்" என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே கிடந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தேன். முயல் விருந்து வைக்கிறது. வேலிக்கு வெளியே முள்ளம்பன்றி நிற்கிறது.

"ஓம். வாறன்."

மார்ச் 6, வியாழன்

மது நித்திரையான பிறகு வாசித்துப் பார்த்தேன். முயல் காட்டில் எல்லோரையும் கூப்பிடுகிறது. முள்ளம்பன்றியை மட்டும் இல்லை, முள் பட்டுப் பலூன் உடையுமாம். முள்ளம்பன்றி வேலிக்கு வெளியே மழையில் நிற்கிறது. நல்ல படம். வரைந்தவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

பிறகு நாலு பக்கம். முயல் குடையோடு ஓடிவந்து கூட்டிப்போகிறது. கட்டிப்பிடிப்பு. எல்லோருக்கும் கேக். நாலே பக்கத்தில் எல்லாம் சரி! என் வீட்டில் சனிக்கிழமை யார் குடையோடு வந்தது?

அந்த நாலு பக்கத்தையும் திறக்காதபடி சேர்த்து ஒரு கிளிப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

முடித்துவிட்டேன்.

நல்ல சேர்ட். நகத்திலிருந்து ஒயில் போகவில்லை. பிள்ளைகள் பாயில் வட்டமாக. மது முன்னுக்கு, பிளாஸ்டரோடு, அப்பா வந்த பெருமை. அக்சயன் நடுவில், நீலச் சட்டை. தலைவி என்ற முறையில் ரா.வும் வந்து பின்னால் கதிரையில். கடவுள் எனக்கு இவ்வளவு உதவுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

மெல்ல வாசித்தேன். புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்தேன். முயல் போட்டிருந்தது நீலச் சட்டை. வெட்டியது கப்பல் மாதிரிக் கேக்.

"அக்சயன்ர கேக்!" என்று ஒரு பெட்டை கத்தினாள்.

"ஓமோ?" என்றேன். "முள்ளம்பன்றிக்கு ஏன் சொல்லேல்ல தெரியுமோ? படம் எடுக்க வடிவா இராதாம்."

ரா.வைப் பார்த்துத்தான் சொன்னேன். முகம் வெளிறியது. அந்த நிறத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

மழைப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒரு பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தை மூடினேன்.

"முடிஞ்சுது."

"பிறகு?" என்று கேட்டது அக்சயன்தான்.

"பிறகு ஒண்டுமில்லை. அது மழையில நிண்டது."

எல்லாப் பிள்ளையும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் நீலச் சட்டையைப் பார்த்தான்.

பின்னேரம் குச்சவெளிக்காரரின் எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது.

மார்ச் 10, திங்கள்

மது ஓடிவந்து மோட்டார் சைக்கிளில் ஏறினாள். இப்படி அவள் ஓடிவந்து கன நாள்.

"அப்பா, இண்டைக்கு எல்லாரும் என்னோடதான் விளையாடினவை."

"அக்சயன்?"

"அவன் முயல். முயலுக்கு இடமில்லை."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

ஊஞ்சலடியில் அவள் கையை விரித்துக்கொண்டு நிற்பாளாம். அவனைத் தவிர எல்லோரும் போகலாமாம். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் சந்தோசம்தான். பொய் எழுதி என்ன பயன், இதை யார் பார்க்கப்போகிறார்கள்.

மார்ச் 12, புதன்

ரா. கொட்டிலுக்கே வந்தாள். குடை, கறுப்புக் கண்ணாடி, ஒயில் படாமல் ஒதுங்கிய கால்.

"சின்னப் பிள்ளையோடையா உங்கட வீரம்?"

"நீங்கள் ஆரோட காட்டினீங்கள்?"

"நான் சொல்ல மறந்துபோனன்."

"முழு வகுப்பிலையும் ஒரு பிள்ளையைத்தான் மறந்ததோ? படம் வடிவா வந்ததோ?"

கண்ணாடியைக் கழற்றினாள். கண் வீங்கியிருந்தது. "அவன் சாப்பிடுறானில்லை. 'அம்மா, நான் கூடாத முயலோ' எண்டு கேக்கிறான். நான் என்ன சொல்ல?"

"உண்மையைச் சொல்லுங்கோ. முயல் அவனில்லை, நீங்கள் எண்டு."

கண்ணாடியைத் திரும்பப் போட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. போய்விட்டாள். வென்றது நான்தான். ஆனால் 'கூடாத முயலோ' என்றது காதில் நிற்கிறது. அது அவள் குரல் இல்லை, அவனுடையது.

மார்ச் 13, வியாழன். பூரணை

முன்பள்ளி விடுமுறை. புழுக்கம். கலாவுக்கு வேலை. வெளிக்கிடும்போது சொன்னாள்: "இவ்வளவு நாளும் பிள்ளையை ஒருத்தரும் சேர்க்கேல்லை எண்டு அழுதம். இப்ப அவளே ஒருத்தனைச் சேர்க்கிறாளில்லை. நல்லாத்தான் வாசிச்சிருக்கிறீங்கள்."

கோபம் வந்தது.

ரீச்சர் ஃபோன் எடுத்தா. கிளிப்பைக் கண்டுவிட்டா. ஏசவில்லை. "மிச்சத்தையும் நீங்களே வந்து வாசியுங்கோ" என்று மட்டும்.

அந்தப் பொடியனுக்காகப் போகிறேன். ரா.வுக்காக இல்லை. அவளை மன்னிக்கவில்லை, எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

அக்சயன் வட்டத்துக்கு வெளியே, தாயின் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு. வேறு நிறச் சட்டை.

நாலு பக்கத்தையும் வாசித்தேன். குடை, கட்டிப்பிடிப்பு, கேக்.

மது எழும்பினாள். "இது பொய். அண்டைக்கு இது இருக்கேல்லை."

"இருந்ததம்மா. அப்பாதான் வாசிக்கேல்ல."

"இல்லை. அது மழையிலதான் நிண்டது!"

"மழையில! மழையில!" என்று எல்லோரும் கத்தத் தொடங்கிவிட்டார்கள். ரீச்சர் கை தட்டியும் அடங்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னதை நம்பினார்கள். இன்றைக்கு நம்பவில்லை.

அப்போது மதுவே வழி சொன்னாள். அக்சயனும் ஒரு நாளைக்குப் பிளாஸ்டர் போட்டால் ஊஞ்சலுக்கு வரலாமாம்.

"அது மருந்து குஞ்சு, விளையாட்டில்லை" என்றேன்.

ஆனால் அக்சயன் எழும்பி வந்துவிட்டான். "எனக்கும் ஒட்டுங்கோ, அங்கிள்."

ரா.வைப் பார்த்தேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "ஒட்டுங்கோ" என்றாள். மதுவின் பையிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டினேன். அவன் நெற்றி சூடாக இருந்தது. என்னை நம்பி முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மது அவன் தடுமாறுவதைப் பார்க்கக் காத்திருந்தாள். அவன் தடுமாறவில்லை.

"எல்லாம் தெரியுது!" என்றான். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினான். "அது மீன். அதுக்குப் பக்கத்தில சின்ன நண்டு."

"பொய். அங்க ஒண்டும் தெரியாது."

"தெரியுது. நண்டுக்குக் கால் சிவப்பு."

மது சுவருக்கு நடந்தாள். மூக்கு முட்டும் வரை போய் நின்றாள். கன நேரம் பார்த்தாள். நண்டு இருந்தது. சிவப்புக் கால்.

அக்சயன் ஊஞ்சலுக்குப் போனான். அவள் தடுக்கவில்லை, விளையாடவும் இல்லை. வெளியே வரும்போது ரா. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை.

மார்ச் 15, சனி

கலா இல்லாத நேரம். மதுவுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன்.

"அப்பா, எல்லாருக்கும் ரெண்டு கண்ணும் தெரியுமோ?"

"ஓமம்மா."

"மற்றக் கண்ணுமோ?"

"ஓம்."

அடுத்த வாய்க்கு வாயைத் திறக்கவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் ஒரு கண் கலங்கல்தான் என்று நினைத்திருக்கிறாள் என் பிள்ளை. ஒரு கண்ணை மூடினால் அக்சயனும் தன்னைப்போல் ஆகிவிடுவான் என்று நினைத்திருக்கிறாள். இதை நாங்கள் அவளுக்குச் சொல்லவே இல்லை. ஒரு நண்டு சொல்லிக் கொடுத்துவிட்டது. அந்த இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனது நான்.

இன்றைக்கு யாரைப் பழிவாங்குவது? ரா.வை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. ஆனால் கண்ணாடியில் முகம் பார்க்கவும் பிடிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

லேசான தூறல். ரா. சனி பின்னேரம் கலாவின் கவுண்டருக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நான் செய்தது பிழை" என்றாளாம். வரிசையில் ஆட்கள் நிற்க. கலா பில்லைக் கொடுத்துவிட்டு "சரி" என்றாளாம். எனக்கு இன்னும் சரியில்லை.

காலையில் பிளாஸ்டருக்குச் சண்டை வரும் என்று ஆயத்தமாக இருந்தேன். மதுவே கொண்டுவந்து நீட்டினாள். முகத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

மத்தியானம் கூட்டிவரப் போனபோது பிய்க்காமல் அப்படியே இருந்தது. ஓரம் வியர்வையில் கிளம்பியிருந்ததைத் தானே அமத்திவிட்டுக்கொண்டு வந்தாள்.

"நேரம் முடிஞ்சுது குஞ்சு. கழட்டுவமோ?"

"வேண்டாம். டொக்டர் சொன்னவர், போட்டால் இந்தக் கண் கெட்டிக்காரக் கண் ஆகும் எண்டு."

"ஓம், ஆகும். ஆனா அவர் சொன்ன நேரம் மட்டும்தான்."

யோசித்தாள். கழற்ற விட்டாள். "நாளைக்கும் ஒட்டுங்கோ. நான் அக்சயனிலும் பார்க்கச் சின்ன நண்டு பார்ப்பன்."

"பார்த்து?"

"அது எங்க இருக்கு எண்டு அவனுக்குச் சொல்லவே மாட்டன்."