காலிப் பெட்டிக்குக் கச்சேரி

அன்புள்ள உனக்கு,

நீ கூரையடியில் மாட்டிவிட்டுப் போன கூட்டுப் பெட்டிக்கு உழவாரன் குருவிகள் வந்துவிட்டன. உள்ளே ஏற்கெனவே குருவிகள் இருப்பதுபோல் சத்தம் கேட்டால்தான் அவை வருமாம். அதனால் காலையும் மாலையும் பதிவுசெய்த கீச்சொலியை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"காலிப் பெட்டிக்கு எதுக்குய்யா இந்தக் கச்சேரி? காது கிழியுது!" என்று பக்கத்து வீட்டு டிலிஸ் வேலிக்கு மேல் எட்டிக் கத்தினாள். நேற்று ஒரு ஜோடி உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் அவளே கேக் கொண்டுவந்தாள்.

ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டேன். இனி அது தேவையில்லை.

"சரி, அவ விட்டுட்டுப் போன ரேடியோ மட்டும் ஏன் பகல் முழுக்கப் பாடுது? உனக்குத்தான் பாட்டே ஆகாதே!" என்றாள்.

நிறுத்த மறந்துவிட்டேன் என்றேன். கேக்கில் சர்க்கரை அதிகம்.

குருவிகள் ஆகஸ்டில் வலசை கிளம்பிவிடும். உன் ரேடியோவை இன்னும் நிறுத்தவில்லை.

இப்படிக்கு,
பெட்டிக்குக் கீழே குடியிருப்பவன்